கல்வராயன் மலையில் மழை பெய்தால் பரங்கிப்பேட்டையில் படகை ஏன் நிறுத்த வேண்டும்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. 2019-ல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்தபோது மரக்காணம் கடற்கரை விழுப்புரத்தோடே நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சிக்கு வந்தது மலையும் ஏரியும் கரும்பு வயலும்தான். அதனால் "சிறு படகு பாதுகாப்பு" என்று செய்தி வந்தால், 'இது நம்ம ஊருக்கு எதுக்கு?' என்று ஸ்க்ரோல் செய்துவிடத் தோன்றும்.

கொஞ்சம் மேப்பைத் திறந்து பாருங்கள். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் கடைசியில் வெள்ளாற்றில் கலக்கின்றன. அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. சங்கராபுரம் பக்கம் தொடங்கும் கெடிலம், திருநாவலூர், பண்ருட்டி வழியாகக் கடலூர் துறைமுகத்துக்குப் போகிறது. திருக்கோவிலூரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணை, கடலூருக்கு வடக்கே தாழங்குடா அருகே கடலில் இறங்குகிறது. ஆக, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓடும் முக்கியமான மூன்று ஆறுகளுக்கும் ஒரே முடிவு: கடலூர் மாவட்டத்துக் கடற்கரை.

அந்த மூன்று முகத்துவாரங்களையும் ஃபைபர் படகுகள் தினமும் தாண்டுகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுதான் பிடித்திருக்கிறது. விடிகாலையில் ஆற்றுக்குள் இருக்கும் இறங்குதளத்தில் இருந்து கிளம்பி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய், மீனோடு அதே வழியில் திரும்ப வேண்டும். வார இறுதியில் பிச்சாவரம், பரங்கிப்பேட்டை, கடலூர் என்று பைக்கிலும் காரிலும் வரும் கள்ளக்குறிச்சி இளைஞர்களும் அந்தப் பக்கம் போகிறார்கள். தூண்டில் போட, போட்டோ எடுக்க, "அண்ணே, அப்படியே ஒரு ரவுண்டு கடல் வரைக்கும்..." என்று கேட்க.

மீன்பிடிப்பில் ஆபத்து என்றால் நமக்கு ஆழ்கடலும் புயலும்தான் நினைவுக்கு வரும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் அப்படித்தான் குமரி மாவட்டத்தை உலுக்கியது. ஆனால் சிறு படகுக்கு ஆபத்து கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கரையில் நிற்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் படகில் இருப்பவருக்குக் காதில் விழும், அவ்வளவு பக்கத்தில்.

அந்த இடத்தில் அப்படி என்ன?

ஆறு மணலைக் கொண்டுவருகிறது. கடலலையும் கரையோர நீரோட்டமும் அதைக் குறுக்கே தள்ளுகின்றன. இரண்டும் சந்திக்கிற இடத்தில் தண்ணீருக்கு அடியில் ஒரு மணல்மேடு உருவாகும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் இருக்காது.

அலை எப்போது உடையும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அலையின் உயரம், தண்ணீரின் ஆழத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தொட்டால் அது கவிழ்ந்து உடையும். அப்படிப் பார்த்தால் 1 மீட்டர் அலை, ஆழ்கடலில் படகைத் தாலாட்டிவிட்டுப் போய்விடும். அதே அலை ஒன்றேகால் மீட்டர் ஆழமுள்ள மணல்மேட்டின் மேல் வந்தால் சுவர் மாதிரி எழுந்து விழும். "வெளியே கடல் அமைதியா இருந்துச்சு, உள்ளே வரும்போதுதான் தூக்கிப் போட்டுது" என்று படகுக்காரர்கள் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

வெளியே போவதைவிட உள்ளே வருவது கஷ்டம். போகும்போது அலை எதிரில் தெரியும். திரும்பும்போது அது முதுகுக்குப் பின்னால் வரும். பின்பக்கத்தை அலை தூக்கியதும் படகின் மூக்கு தண்ணீரில் குத்தும். புரொப்பல்லர் காற்றில் சுழலும். அந்த நொடியில் திசையைப் பிடிக்க முடியாது. படகு குறுக்கே திரும்பிவிட்டால் அடுத்த அலை விலாவில் அடிக்கும். கவிழ்வதற்குச் சில நொடிகள் போதும். அதுவும் திரும்பி வரும் படகில் நனைந்த வலை இருக்கும், மீன் இருக்கும், ராத்திரி முழுக்கத் தூங்காத ஆட்கள் இருப்பார்கள்.

இதில் மலை எங்கே வருகிறது?

முகத்துவாரத்தில் வற்றம் ஓடும் நேரம், அதாவது ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்கும் நேரம்தான் மோசமானது. உள்ளே வரும் அலையை எதிரே வரும் நீரோட்டம் தடுக்கும்போது அலையின் நீளம் சுருங்கும், உயரம் கூடும். சரிவாக வந்த அலை செங்குத்தாக நிற்கும். கடலூர் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதல்ல, ஒரு மீட்டருக்குள்தான். அதனால் சாதாரண நாளில் இந்த இழுப்பு சமாளிக்கக் கூடியது. ஆற்றில் வெள்ளம் வந்தால் கதையே வேறு. அப்போது ஏற்றம், வற்றம் என்ற கணக்கே இல்லை, நாள் முழுக்க வற்றம் மாதிரிதான் தண்ணீர் வெளியே ஓடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்வராயன் மலையில் கனமழை பெய்தால் முதலில் வரும் செய்தி என்ன? மேகம் அருவி, பெரியார் அருவியில் குளிக்கத் தடை. அடுத்து, கச்சிராயபாளையம் அருகே உள்ள கோமுகி அணை நிரம்புகிறது, மணிமுக்தா அணை நிரம்புகிறது, உபரி நீர் திறப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. கள்ளக்குறிச்சியில் செய்தி அத்தோடு முடிந்துவிடும். தண்ணீர் முடிவதில்லை. நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, வழியில் ஒவ்வொரு ஓடையையும் சேர்த்துக்கொண்டு, விருத்தாசலத்தைத் தாண்டி வெள்ளாற்றில் இறங்கிப் பரங்கிப்பேட்டைக்குப் போகும். மலையில் மழை விட்டு, வானம் வெளுத்து, "இன்னைக்குக் கடலுக்குப் போகலாம்" என்று படகை இறக்கும் நாளில்தான் அந்தத் தண்ணீர் முகத்துவாரத்துக்கு வந்து சேரலாம். வானத்தைப் பார்த்து முடிவெடுப்பவரை ஏமாற்றுவது இந்தத் தாமதம்தான்.

அதே மாதங்களில்தான் வாடைக்காற்றும் வீசுகிறது. வடகிழக்கில் இருந்து வரும் அலை நேராகக் கரையைப் பார்த்து வரும். கேரளத்தில் படகுகளுக்குச் சோதனையான காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. நம் கரையில் அது வடகிழக்குப் பருவமழை. வெள்ளமும் பெரிய அலையும் ஒரே மாதத்தில் எதிரெதிராக வந்து மோதுகின்றன.

எவ்வளவு தண்ணீர் என்பதற்கு 2024-ஐ நினைத்துப் பார்க்கலாம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. இதை டன்னில் சொன்னால் புரியும். ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 4,750 டன் தண்ணீர். புயல் ஓய்ந்த பிறகு வந்த வெள்ளம் இது என்பதைக் கவனிக்க வேண்டும். எச்சரிக்கை போதுமான அளவு கொடுக்கப்பட்டதா என்ற விவாதம் சட்டப்பேரவை வரை போனது. அந்த விவாதம் கரையோர ஊர்களையும் வயல்களையும் பற்றியது, அது நியாயமும்கூட. ஆற்றின் கடைசி முனையில் இருக்கும் படகுகள் அதில் பெரிதாகப் பேசப்படவில்லை.

வெள்ளம் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாக வரும், மூங்கில் வரும், வேரோடு சாய்ந்த மரம் வரும். புரொப்பல்லரில் ஒரு கொடி சுற்றினால் போதும், மணல்மேட்டின் மேல் இன்ஜின் நின்றுவிடும். இறங்குதளத்தில் கட்டிப்போட்ட படகுக்கும் நிம்மதி இல்லை. இரண்டு மூன்று படகுகளைப் பக்கம் பக்கமாக ஒரே முளையில் கட்டுவது எல்லா இடத்திலும் வழக்கம். ஒரு கயிறு அறுந்தால் மொத்தமும் சேர்ந்து இழுபட்டுப் போகும்.

தண்ணீர் வந்தால் இந்தப் பிரச்னை. வராவிட்டால்? அதுவும் பிரச்னைதான். கோடையில் மேலே அணைகளும், கீழே சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு போன்றவையும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ள, மணலை வெளியே தள்ளும் பலம் ஆற்றுக்கு இருக்காது. கடல் மணலை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். முகத்துவாரம் தூர்ந்துபோகும். அன்னங்கோவில் முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்ற மீனவர்களின் கோரிக்கை திரும்பத் திரும்பச் செய்தியில் வருவது இதனால்தான். ஒருமுறை தூர்வாரிவிட்டு 'வேலை முடிந்தது' என்று கணக்கெழுதுவது, தோட்டத்தில் ஒரே ஒருமுறை களை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி.

கல் கொட்டினால் சரியாகிவிடாதா?

முகத்துவாரத்தின் இரு பக்கமும் நேர்கல் சுவர் கட்டினால், ஆறு ஒரே வழியில் வேகமாக ஓடி மணலைத் தானே தள்ளிவிடும் என்பது பொறியியல் கணக்கு. பல இடங்களில் இது வேலை செய்கிறது. ஆனால் சுவரின் நீளமும் கோணமும் அந்த ஊர் அலைக்குப் பொருந்தாவிட்டால், பிரச்னை இடம் மாறுமே தவிர தீராது.

திருவனந்தபுரம் அருகே முதலப்பொழி இதற்குக் கசப்பான உதாரணம். அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டிய மீன்பிடித் துறைமுகம் அது. அங்கே வாசலிலேயே படகுகள் தொடர்ந்து கவிழ்ந்தன. 2023 ஜூலை 10-ல் ஒரே விபத்தில் நான்கு மீனவர்கள் இறந்தார்கள். புனேயில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் ஆய்வு செய்தது. 2025 ஏப்ரலில் வாசல் முழுவதும் மணலால் அடைபட்டு, மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். நம் பக்கத்தில், குமரி மாவட்டம் தேங்காப்பட்டணத்திலும் இதே கதைதான். துறைமுகம் வந்த பிறகு அதன் முகத்துவாரத்தில் அடுத்தடுத்து உயிரிழப்புகள். அதன் பிறகுதான் அலைத்தடுப்புச் சுவரை மாற்றியமைக்கும் பேச்சு வந்தது. கடலூர் மாவட்டத்தில் கல் கொட்டுவதற்கு முன்பு இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு நடை போய்வருவது நல்லது.

போனில் பார்த்தே தெரிந்துகொள்ள முடியாதா?

ஓரளவுக்கு முடியும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் (சுருக்கமாக இன்காய்ஸ்) தினமும் அலை உயரம், காற்று, நீரோட்டம் பற்றிய முன்னறிவிப்பை வெளியிடுகிறது. 2020-ல் சிறு படகுகளுக்கென்றே தனிச் சேவை ஒன்றையும் தொடங்கியது. 7 மீட்டர் வரை அகலமுள்ள படகுகள் எந்தப் பகுதியில் கவிழ வாய்ப்பிருக்கிறது என்று அது முன்கூட்டியே சொல்லும். அலையின் உயரத்தை மட்டும் பார்க்காமல், அது எவ்வளவு செங்குத்தாக இருக்கும், காற்று எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவது இதன் பலம்.

அதைப் படிக்கும்போது ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'அலை உயரம் 1.5 மீட்டர்' என்று போட்டிருந்தால் எல்லா அலையும் ஒன்றரை மீட்டர் என்று அர்த்தமில்லை. எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். நடுவில் எப்போதாவது அதைப்போல இரண்டு மடங்கு, 3 மீட்டர் வரை ஓர் அலை வரும். 'பத்து நிமிஷமா பார்த்தேன், ஒண்ணும் பெரிசா வரலை' என்று கிளம்புபவரை அந்த ஒரு அலை பிடித்துவிடும்.

கள்ளக்கடல் எச்சரிக்கையும் அங்கிருந்தே வருகிறது. எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறுவதுதான் கள்ளக்கடல். 2024 மே 6-ல் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்த அன்று, அந்த எச்சரிக்கை அமலில் இருந்தது. அவர்கள் படகில்கூட ஏறவில்லை, கரையில்தான் இருந்தார்கள்.

ஆனால் இந்த முன்னறிவிப்புகள் எல்லாம் திறந்த கடலைப் பற்றியவை. ஒரு குறிப்பிட்ட முகத்துவாரத்தில் இன்று மணல்மேடு எங்கே இருக்கிறது, மணிமுக்தாவில் இருந்து எத்தனை கன அடி வருகிறது என்பது அதில் இருக்காது. அணையின் கணக்கு நீர்வளத் துறையிடம். அலையின் கணக்கு இன்காய்ஸிடம். காற்றும் புயலும் வானிலை ஆய்வு மையத்திடம். கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களை மனதில் வைத்துச் செய்த பழைய ஏற்பாடு. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்து, "இன்று காலை 5 மணிக்கு இந்த வாசல் வழியாகப் போகாதே" என்று சொல்லும் வேலையைச் செய்வது யார்? இப்போதைக்கு, கரையில் நின்று அலையை எண்ணிக்கொண்டிருக்கும் மூத்த மீனவர்தான்.

இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் முகத்துவாரங்களில் ஒரு பலகையும் மஞ்சள் விளக்குகளும் வைத்திருக்கிறார்கள். அலை 4 அடியைத் தாண்டினால் விளக்கு மின்னும். விளக்கு மின்னாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதே என்பதையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். அன்னங்கோவிலிலும் தாழங்குடாவிலும் கடலூர் முதுநகரிலும் அப்படி ஒரு பலகை வைத்து, அதில் அன்றைய அலை உயரத்தோடு மேலே திறந்திருக்கும் கன அடியையும் எழுதிப்போட எத்தனை லட்சம் ஆகிவிடும்? அணை திறப்பு அறிவிப்பு போகும் பட்டியலில் கடலூர் மாவட்டத்து மீனவர் கிராமங்களின் வாட்ஸ்அப் குழுக்களையும் சேர்க்க ஒரு ரூபாய்கூட ஆகாது.

சரி, நாம் படகில் ஏறினால்?

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போன மீன்பிடிப் படகு, முகத்துவாரத்துக்கு அருகே கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் உறவினர்கள். யாரிடமும் லைஃப் ஜாக்கெட் இல்லை. கரியாலூரில் உள்ள படகு குழாமில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சுற்றிவரும் அதே மனநிலையில், முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகில் ஏறக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். மீன்பிடிப் படகு வலைக்காகச் செய்தது. ஆட்கள் எழுந்து நின்றால், செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால், படகின் எடை மேலேயும் ஓரத்திலும் போய்விடும். அப்போது கவிழ்க்கப் பெரிய அலையே தேவையில்லை.

படகுக்காரர் "இல்ல தம்பி, இன்னைக்கு வெளியே வேணாம், வத்தம் இழுக்குது" என்றால், "அண்ணே, நூறு ரூபா சேர்த்துத் தர்றேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு அந்த நூறு ரூபாய் தேவைப்படும். அதனால்தான் அந்தப் பேரம் ஆபத்தானது.

மீனவர்கள் லைஃப் ஜாக்கெட் போடுவதில்லை என்று குறை சொல்வது எளிது. வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வலை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். புழுக்கம் தாங்காது, கொக்கியில் மாட்டும், கை தூக்க வராது. இதற்கு ஒரு நடுவழி உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், முகத்துவார மணல்மேட்டைத் தாண்டும்போது படகில் இருக்கும் எல்லோரும் ஜாக்கெட் போட்டிருப்பது கட்டாயம். வாசலைத் தாண்டும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் போட்டுக்கொள், பிறகு கழற்றிவை என்று நம் ஊரிலும் சொன்னால், கேட்க வாய்ப்பிருக்கிறது. நாள் முழுக்கப் போடு என்றால் அது படகின் மூலையில் சாக்கோடு சாக்காகத்தான் கிடக்கும்.

மற்றதெல்லாம் அனுபவஸ்தர்கள் ஏற்கெனவே செய்வதுதான். வாசலுக்கு வெளியே நின்று சில நிமிடம் அலையைப் பார்ப்பது, பெரிய அலைக் கூட்டம் போன பிறகு வரும் இடைவெளியில் நுழைவது, நுழைந்துவிட்டால் நடுவில் திரும்ப முயலாமல் ஒரே அலையின் முதுகில் அதன் வேகத்திலேயே வருவது, மீனையும் வலையையும் படகின் நடுவில் தாழ்வாக வைப்பது, நங்கூரத்தை வலைக்கு அடியில் புதைக்காமல் கைக்கு எட்டும்படி வைத்திருப்பது. இன்ஜின் நின்றால் படகை அலைக்கு நேராகப் பிடித்து நிறுத்த அந்த நங்கூரத்தை விட்டால் வேறு வழியில்லை.

போனில் இரண்டு எண்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. போனை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பையில் வைத்தால் பையோடு போய்விடும்.

கவிழ்ந்துவிட்டால் படகை விடக் கூடாது. ஃபைபர் படகு கவிழ்ந்த பிறகும் பெரும்பாலும் மிதக்கும், தேடி வருபவர்களுக்குத் தலையைவிட படகுதான் சீக்கிரம் கண்ணில் படும். படகு கைவிட்டுப் போனால், ஆற்றின் இழுப்பை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்த வேண்டாம். அந்த வேகத்தை எந்த நீச்சல்காரராலும் ஜெயிக்க முடியாது. மணல்மேட்டைத் தாண்டியதும் ஆற்றுநீர் விசிறி மாதிரி விரிந்து வேகம் குறையும். அதுவரை மிதந்துகொண்டு போய், பிறகு பக்கவாட்டில் நீந்தி நீரோட்டத்தை விட்டு விலகி, அங்கிருந்து கரைக்குத் திரும்பலாம்.